சகுராவை வேண்டாமென்ற கோயில்... சிவந்து நிற்கும் மேப்பிள்!

ஜப்பான் என்றதும் சகுரா பூக்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால், கியோட்டோவின் தோஃபுகு-ஜி புத்தர் கோயிலில் மேப்பிள் மரங்களுக்குத்தான் மவுசு. சகுரா இருந்தால் கூட்டம் கூடும், தியானம் கெடும் என்று சுமார் 600 ஆண்டுகளுக்கு முன்பு ஓவியத் துறவி மின்சோ அவற்றை வெட்டச் சொன்னாராம். இன்று அங்கே சுமார் 2,000 மேப்பிள் மரங்கள். வேடிக்கை என்னவென்றால், அவற்றைப் பார்க்கத்தான் இப்போது கூட்டம் அலைமோதுகிறது!

சூதென்-க்யோ மரப்பாலத்தில் நின்றால், கீழே பள்ளத்தாக்கு முழுக்கச் சிவப்பு. பகல் குறைந்து குளிர் கூடும்போது இலையின் பச்சையம் சிதைகிறது. மேப்பிள் இலை ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமியைப் புதிதாக உருவாக்குகிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் இருந்தால் நிறம் பளிச்சிடும்.

சிக்கலும் அங்கேதான். இலையுதிர் காலத்தில் வெப்பம் கூடுவதால் மரங்கள் தாமதமாகச் சிவக்கின்றன. 1953 முதலான ஜப்பான் வானிலை மையப் பதிவுகளின்படி, 10 ஆண்டுகளுக்குச் சுமார் 3 நாள் வீதம் தள்ளிப்போகிறது.

கியோட்டோ சிவப்பது வழக்கமாக நவம்பர் பிற்பகுதியில். இருந்தாலும், டிக்கெட் போடும் முன் அங்கு வெளியாகும் 'கோயோ' முன்னறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். மரங்களுக்கு நம் லீவு நாள்கள் தெரியாது!