தறிக்கணக்கும் கடல் தாண்டிய பணமும்

சின்னாளப்பட்டியில் நெசவாளர் வீடொன்றின் பரணிலிருந்து மூன்று பேரேடுகளை எங்களுக்காக இறக்கித் தந்தார் ஒரு பெரியவர். எந்தத் தறிக்கு எத்தனை பாவு போயிற்று, எத்தனை சேலை வந்தது, கூலி எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்று எழுதிய கணக்கு. "இதுமாதிரி ஒரு சாக்கு நிறைய இருந்துச்சுங்க. பழைய பேப்பர்காரருக்குப் போட்டுட்டோம்" என்றார். சின்னாளப்பட்டுச் சேலை பேர்பெற்றிருந்த காலத்தின் கணக்கு அந்தச் சாக்கோடு போயிற்று.

இவ்வூரின் நெசவு வரலாற்றை எழுத வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்கு அன்றுதான் உறுதிப்பட்டது. அதற்குப் பணம் எங்கே கிடைக்கும் என்ற தேடலும் அன்றே தொடங்கியது.

கடல் தாண்டிய பணம் எங்கள் வட்டாரத்துக்குப் புதிதன்று. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே 1964இல் உருவான கிராம சுகாதார, குடும்ப நல நிறுவனத்துக்கு அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளை உதவியது. ஆத்தூர் வட்டாரத்தின் பிறப்புகள் கணக்கிடப்பட்டு, குடும்பக் கட்டுப்பாட்டு ஆய்வுகளில் இடம்பெற்றன. பிறப்பு விகிதம் அன்று நியூயார்க்கின் கேள்வியாக இருந்தது. எங்கள் ஊர்த் தறிக்கூலி அவ்வாறு இருக்கவில்லை.

அந்த அறக்கட்டளையின் பழைய கோப்புகள் இப்போது நியூயார்க் மாநிலத்தில் ராக்ஃபெல்லர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றைப் படிக்க வரும் ஆய்வாளர்களுக்குப் பயணச் செலவுக்கென உதவித்தொகையும் அக்காப்பகம் வழங்கி வந்திருக்கிறது. வெளியூர்க் கேள்விக்கான காகிதம் பெட்டியில் பத்திரமாக இருக்க, உள்ளூர்க் கணக்கு எடைக்குப் போனதை எண்ணினால் மனம் கசக்கிறது.

மற்றக் கதவுகளையும் தட்டிப் பார்த்தோம். ஃபுல்பிரைட் திட்டம் 1950இல் இந்தியாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட உடன்படிக்கையில் பிறந்தது. செலவில் இந்தியாவும் சமபங்கு ஏற்க முன்வந்தபின் 2008இல் நேருவின் பெயரும் சேர்ந்தது. பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்வோருக்கு அது நல்ல வழி. பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டம் 2004இல் தொடங்கியது. மூலம் ஊரிலேயே இருக்க, மின்படி மட்டும் பொதுவுக்கு வரும். ரோஜா முத்தையா நூலகம் பழந்தமிழ் இதழ்களை அவ்வாறே காத்தது. ஆனால் ஆவணம் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தையதாக இருக்க வேண்டும். பொறுப்பேற்க ஒரு நிறுவனமும் வேண்டும். எங்கள் பேரேடுகள் அதற்கு இளையவை.

இதழாளருக்குச் சட்டமும் குறுக்கே நிற்கிறது. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி, பதிவுபெற்ற செய்தித்தாளின் நிருபரோ பத்தி எழுத்தாளரோ வெளிநாட்டு நன்கொடை பெற முடியாது. கல்வி உதவித்தொகை போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. 2020இல் வந்த திருத்தத்துக்குப் பின், நன்கொடை பெற்ற நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்குப் பகிரவும் இயலாது. எங்களைப் போன்ற சிறு குழுவுக்கு அந்த வழியும் அடைபட்டது.

உள்நாட்டில் வழி இல்லாமலில்லை. பி. சாய்நாத் 1993இல் டைம்ஸ் ஆஃப் இந்தியா நல்கை பெற்றே இராமநாதபுரம், புதுக்கோட்டை உள்ளிட்ட வறிய மாவட்டங்களில் அலைந்து எழுதினார். 2004இல் தொடங்கிய நியூ இந்தியா ஃபவுண்டேஷன் விடுதலைக்குப் பிந்தைய இந்தியா பற்றிய நூல்களுக்கு நல்கை தருகிறது. எங்கள் பேரேடுகளின் காலம் இதற்குப் பொருந்துகிறது.

நாங்கள் ஓரிடத்தில் விண்ணப்பித்துத் தோற்றோம். "சின்னாளப்பட்டி நெசவு வரலாறு" என்று மட்டும் எழுதியிருந்தோம். உங்கள் கேள்வி என்ன, சான்றுகள் எவை, அவை எங்கே இருக்கும் என்று கேட்டு வந்தது பதில். மூன்றுக்கும் எங்களிடம் விடையில்லை. குறை பணத்தில் இல்லை, எங்களிடம்தான் என்று ஒப்புக்கொள்ளச் சில நாட்கள் ஆயின.

இப்போது வீடு வீடாகச் சென்று, இருக்கும் பேரேடுகளைப் பட்டியலிட்டுப் படமெடுத்து உரியவரிடமே திருப்பித் தருகிறோம். தறியில் அமர்ந்த முதியவர்களின் பேச்சைப் பதிவு செய்கிறோம். இதற்கு ஒரு கைப்பேசியும் ஞாயிற்றுக்கிழமைகளும் போதும். கேள்வியும் மெல்லத் திரண்டு வருகிறது: சேலை பேர்பெற்றபோது நெய்தவரின் கூலி ஏறியதா? அடுத்த விண்ணப்பம் அதிலிருந்துதான் தொடங்கும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு சாக்கு இருக்கக்கூடும். எடைக்குப் போடுமுன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.