கேம் எந்த இடத்தில் நிற்கிறது?

“அண்ணே, கேம் ஓப்பன் ஆகமாட்டேங்குது. ஃபார்மட் போட்டுடுங்க.” பள்ளி விடுமுறை வந்துவிட்டால் மலேசியாவின் ஜெலாப்பாங்கில் இருக்கும் என் கடைக்கு வருகிற பையன்கள், நோயோடு மருந்தையும் அவர்களே எழுதிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஃபார்மட் போடுவது எனக்கும் லாபம்தான். யோசிக்க வேண்டியதில்லை, கூலி நிச்சயம். ஆனால் கோளாறு என்னவென்று தெரியாமல் அழித்துவிட்டு அதே டிரைவரையும் அதே கேமையும் திரும்ப ஏற்றினால், பல நேரம் அதே கோளாறும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் ஃபார்மட்டைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு முதலில் ஒன்று கேட்பேன்: “எந்த இடத்துல நிக்குது தம்பி?”

பெரும்பாலும் பதில் இருக்காது. என் முன்னாலேயே திறக்கச் சொல்லி, டாஸ்க் மேனேஜரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பேன். கிளிக் செய்ததும் பட்டியலில் பெயரே வராவிட்டால் ஒரு கதை. பெயர் வந்து, திரை கருத்து, இரண்டும் மறைந்தால் வேறு கதை. தயாரிப்பாளர் சின்னங்கள் எல்லாம் ஓடி முடிந்து மெனுவுக்கு முன்னால் விழுந்தால் இன்னொன்று. யூடியூபில் சொன்ன அத்தனை வைத்தியத்தையும் ஒரே மூச்சில் செய்துவிட்டு வருபவர்களின் கணினிதான் பெரும்பாடு. எது கெடுத்தது, எது சரி செய்யப் பார்த்தது என்று பிரிக்க முடியாது.

எடுத்த எடுப்பிலேயே நிற்கும் கேமுக்குப் பெரும்பாலும் துணைக் கோப்பு ஏதோ இல்லை. விசுவல் சி++ தொகுப்பு அல்லது பழைய டைரக்ட்எக்ஸ். “என் விண்டோஸ்ல டைரக்ட்எக்ஸ் 12 இருக்கேண்ணே” என்று வாதாடுவார்கள். 12 இருந்தால் 9 அதற்குள் அடக்கம் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் 9 காலத்துக் கேம்கள் கேட்கும் துணைக் கோப்புகள் பல விண்டோஸோடு வருவதில்லை. 2010 ஜூனில் மைக்ரோசாப்ட் வெளியிட்ட தொகுப்பைத் தனியாகப் போட வேண்டும். அதைவிட்டு, காணாமல்போன ஒற்றை டிஎல்எல்லை எங்கிருந்தோ இறக்கி சிஸ்டம்32-க்குள் போட்டுவிடுவார்கள். 64 பிட் புரோகிராமின் கையில் 32 பிட் கோப்பு சிக்கினால் 7பி என்று முடியும் அந்தப் பிரபலமான பிழை எண் வரும். ஒரு வேடிக்கை: 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில் இருப்பவை 64 பிட் கோப்புகள், 32 பிட் கோப்புகள் இருப்பது 64 என்று முடியும் வேறொரு ஃபோல்டரில். பையனை எப்படித் திட்டுவது?

திரை கருத்து மறைந்தால் ஈவென்ட் வியூவரைத் திறப்பேன். விழுந்த நேரமும், விழும்போது எந்தக் கோப்பு ஓடிக்கொண்டிருந்தது என்பதும் அங்கே பதிவாகியிருக்கும். கிராபிக்ஸ் டிரைவரின் கோப்பு என்றால் வேலை பாதி முடிந்தது. ஒன்றும் புலப்படாவிட்டால் விண்டோஸில் புதிதாக ஒரு யூசர் கணக்கு திறந்து அதில் கேமை ஓட்டிப் பார்ப்பேன். இந்தப் பக்கத்தில் இது அடிக்கடி பலிக்கிறது. சீன வாடிக்கையாளர்கள் பலர் தங்கள் பெயரைச் சீன எழுத்திலேயே கொடுத்துக் கணக்கு திறந்திருப்பார்கள். யூசர் ஃபோல்டரும் அதே பெயரில் அமைந்துவிடும். பழைய கேம்கள் சில அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாமல், சேமிக்க இடம் கிடைக்காமல் விழும். தமிழில் பெயர் வைத்தாலும் இதே கதிதான், ஆனால் நம்மவர்கள் யாரும் வைப்பதில்லை. புதுக் கணக்குக்கு ஐந்து நிமிடம். ஃபார்மட் போட்டு அதே சீனப் பெயரைத் திரும்பக் கொடுத்திருந்தால் ஒரு நாள் வீண்.

கிந்தா பள்ளத்தாக்கின் சாயங்கால இடிமழையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அப்டேட் பாதியில் இருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு அரைகுறையாக நிற்கும். 100 ஜிபி கேமை மொத்தமாக அழித்து மறுபடி இறக்கத் தேவையில்லை. ஸ்டீமில் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதி உண்டு, கெட்டதை மட்டும் மாற்றிக்கொள்ளும்.

மெனுவுக்கு முன்னால் விழுவதில் கேம் சொல்லும் காரணத்தையே நம்ப முடியாது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் சிலவற்றில் கேம் திறக்கும்போது “வீடியோ மெமரி போதவில்லை” என்று வந்தது. மக்கள் கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தார்கள். கோளாறு பிராசசரில். அளவுக்கு மீறிய மின்னழுத்தம் என்று இன்டெல் ஒப்புக்கொண்டு 2024 ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டது. அதற்குள் பழுதான சிப்பை அந்தத் திருத்தம் மீட்காது, மாற்றத்தான் வேண்டும். அங்கே ஃபார்மட் என்ன செய்யும்?

இப்போது புதிதாக ஒரு தொல்லை. விண்டோஸ் 11-இல் வேலரண்ட் என்ற கேம் ஓட செக்யூர் பூட் வேண்டும். வீடியோ பார்த்து பயாஸில் அதை இயக்கிவிட்டு, விண்டோஸே எழாத கணினியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் இருந்திருக்கும். பயாஸைப் பழையபடி வைத்தால் விண்டோஸ் எழும். பிறகு டிஸ்க்கை ஜிபிடி முறைக்கு மாற்ற விண்டோஸிலேயே கருவி இருக்கிறது, உள்ளிருப்பது அழியாது. இருந்தும் முதலில் படங்களைப் படி எடுத்துவைக்காமல் நான் தொடமாட்டேன்.

நான் கைவிரிப்பது ஒன்றில்தான். 2000களில் ஒரிஜினல் டிஸ்க் வாங்கியவர், மகனுக்குக் காட்ட வேண்டும் என்று பெட்டியோடு கொண்டுவருவார். அந்த டிஸ்க் பலவற்றில் சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்புப் பூட்டு இருக்கும். அதற்கான டிரைவரைப் பாதுகாப்புக் காரணத்துக்காக 2015-இல் வந்த விண்டோஸ் 10 ஏற்றுக்கொள்ளவில்லை. கேம் நல்லபடி இருக்கும், பூட்டு திறக்காது. அதே கேமைப் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் சில ரிங்கிட்டுக்கு வாங்கியவரின் திருட்டு டிஸ்க் ஓடிவிடலாம், ஏனென்றால் பூட்டை அன்றைக்கே உடைத்துத்தான் விற்றார்கள். ஜிஓஜி தளத்தில் பூட்டில்லாத பதிப்பு கிடைக்கிறதா என்று அவருக்குத் தேடிக்கொடுப்பேன். கிடைத்தால் இரண்டாம் முறை காசு கொடுக்க வேண்டும். “ஒருவாட்டி வாங்கிட்டேனே தம்பி” என்று முணுமுணுத்துக்கொண்டே கார்டை எடுப்பார்.