ஆங்கிலேயர் நடைபாதை

பிரான்சு நாட்டின் தென்கிழக்குக் கரையில் உள்ள நீஸ் நகருக்கு வருவோரை முதலில் வரவேற்பது ஓர் ஒலி. அங்குக் கரையில் மணல் இல்லை. அலைகள் உருட்டி வழுவழுப்பாக்கிய கூழாங்கற்களே பரந்து கிடக்கின்றன. அலை பின்வாங்கும்போதெல்லாம் அவை ஒன்றோடொன்று உரசிச் சலசலக்கின்றன. கரையை ஒட்டி ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரு நடைபாதை செல்கிறது. அங்கே போடப்பட்டுள்ள நீலநிற நாற்காலிகளில் அமர்ந்து முதியோர் வெயில் காய்கின்றனர்.

மசாலியாவிலிருந்து வந்த கிரேக்கர் இந்நகரை நிறுவி, வெற்றியைக் குறிக்கும் 'நிகாயா' என்னும் பெயரை இட்டனர். ஆயினும், பிற்காலத்தில் இதற்குப் புகழ் தேடித் தந்தவர்கள் வெற்றி வீரர்கள் அல்லர், நோயாளிகள். காசநோய்க்கு மருந்தில்லாத காலம் அது. மருத்துவர்கள் தம் நோயாளிகளை இதமான வெயிலை நாடி இங்கு அனுப்பினர். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயர் குளிர்காலந்தோறும் வரத் தொடங்கினர். நலம் பெற்றுத் திரும்பியோர் உண்டு. திரும்பாமலே இம்மண்ணில் அடங்கியோரும் உண்டு. காந்தியடிகள் பெரிதும் விரும்பிய 'அபைட் வித் மீ' என்னும் பாடலை இயற்றிய ஹென்றி பிரான்சிஸ் லைட், 1847இல் இந்நகரில்தான் காசநோயால் உயிர்நீத்தார்.

நடைபாதையும் துன்பத்திலேயே பிறந்தது. 1820களின் தொடக்கத்தில் கடுங்குளிர் வாட்டியபோது, பிழைக்க வழியற்ற ஏழைகள் நகரில் கையேந்தி நின்றனர். லூயிஸ் வே என்னும் ஆங்கிலேயச் சமயகுரு தம் நாட்டவரிடம் நிதி திரட்டி, அவ்வேழைகளுக்குக் கூலி கொடுத்துக் கடலோரமாகப் பாதை அமைக்கச் செய்தார். பிச்சை இடுவதினும் வேலை தருவது மேல் என்பது அவர்தம் எண்ணம். ஊரார் அதனை 'ஆங்கிலேயர் பாதை' என்றனர். சார்டினிய அரசின் ஆட்சியில் இருந்த நீஸ், 1860இல் பிரான்சுடன் இணைந்தது. 1864இல் தொடர்வண்டி வந்தது. அதன்பின் அரச குடும்பத்தாரும் செல்வரும் திரண்டனர். சிறிய பாதை பெருஞ்சாலையானது. பெயர் மட்டும் மாறவில்லை. பொருள் கொடுத்தவர் பெயர் நிலைத்தது. கல் சுமந்தவர் பெயரை அந்தப் பாதை தாங்கவில்லை.

2016ஆம் ஆண்டு சூலை 14ஆம் நாள், பிரான்சின் தேசிய நாள். அன்றிரவு வாணவேடிக்கை கண்டு மகிழ்ந்திருந்த மக்கள் கூட்டத்தின்மீது ஒருவன் சரக்குந்தை ஏற்றினான். குழந்தைகள் உட்பட 86 பேர் மாண்டனர். அவர்கள் நினைவாக இன்று கடலோரத்தில் வானதூதர் உருவச் சிலை ஒன்று நிற்கிறது.

குளிர்கால உல்லாச நகர் என்னும் சிறப்பிற்காக 2021இல் யுனெசுகோ நீஸ் நகரை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. மாளிகைகளையும் தோட்டங்களையும் காணப் பயணிகள் இன்றும் வந்தவண்ணம் உள்ளனர். அவர்களின் கால்களுக்குக் கீழே, கூலிக்காகக் கல் சுமந்தவர்களின் உழைப்புக் கிடக்கிறது. அதனை அறிந்து நடப்பவர் அந்தச் சிலையருகே சற்றே நிற்கிறார். பின்னர் கூழாங்கற்களின் ஒலியைக் கேட்டபடியே நடையைத் தொடர்கிறார்.