ஒல்லாந்தரின் நிலம் ஏன் நடுங்கியது?

எங்கள் காரைதீவுக்கு ஒல்லாந்தர் சூட்டிய பெயர் ஆம்ஸ்டர்டாம். வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ற் என்ற பெயர் மட்டும் ஆங்கில வரைபடங்களில் இன்றும் நிலைத்திருக்கிறது. போர்த்துக்கேயரிடமிருந்து அவர்கள் கைப்பற்றிய கடற்கோட்டை காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே இன்றும் நிற்கிறது. அந்த ஒல்லாந்தரின் சொந்த நாட்டில் நிலம் நடுங்கிய கதையை எம்மவர் அறிந்திருப்பது நல்லது.

நெதர்லாந்தின் வடக்கே குரோனிங்கன் என்றொரு மாகாணம் உண்டு. தட்டையான வயல்வெளி, களிமண் நிலம், பழைய செங்கல் வீடுகள். 1959 இல் அங்கே ஐரோப்பாவின் மிகப் பெரிய எரிவாயு வயல் கண்டுபிடிக்கப்பட்டது. 1963 முதல் வாயு எடுத்தார்கள். நாடே செழித்தது.

இயற்கையான நிலநடுக்கம் பதிவாகியிராத அந்த வட பகுதியில், 1986 டிசெம்பர் 26 அன்று அசன் நகருக்கு அருகே 2.8 அளவான அதிர்வு ஏற்பட்டது. வாயு எடுப்பதே காரணம் என்று மேன்ட் வான் டெர் ஸ்லாயிஸ் என்ற புவியியலாளர் சொன்னார். அவரை ஏளனம் செய்தார்கள். 1993 இல் வெளியான ஆய்வு தொடர்பு உண்டென ஏற்றுக்கொண்டது. எனினும், பெரிய அதிர்வு வராது என்ற நம்பிக்கையில் வாயு எடுப்பது தொடர்ந்தது. 2012 ஓகஸ்ட் 16 அன்று ஹைசிங்க கிராமத்தில் 3.6 அளவில் நிலம் நடுங்கியது. அதற்கு அடுத்த ஆண்டிலும் சுமார் 5,400 கோடி கனமீற்றர் வாயு எடுக்கப்பட்டது!

3.6 என்பது சிறிய எண்தானே என்று வாசகர்கள் கேட்கலாம். ஆழத்தைக் கவனிக்க வேண்டும். இயற்கையான நிலநடுக்கங்கள் பெரும்பாலும் பத்து, இருபது கிலோமீற்றருக்குக் கீழே பிறப்பவை. குரோனிங்கன் அதிர்வுகளோ வெறும் மூன்று கிலோமீற்றர் ஆழத்தில் பிறந்தன. மேலே இருந்த மென்மையான மண் அவற்றைப் பெருக்கியது. ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவர்கள் பிளந்தன. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இழப்பீட்டு விண்ணப்பங்கள் குவிந்தன.

காரணம் விளங்கக் கடினமானதன்று. வாயு நிலத்தடியில் குகைக்குள் அடைபட்டுக் கிடப்பதில்லை. மணற்கல்லின் நுண்துளைகளில் அழுத்தத்தோடு இருக்கிறது. அந்த அழுத்தம் மேலுள்ள பாறையின் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்குகிறது. வாயுவை எடுக்க எடுக்கத் தாங்கல் குறைகிறது, மணற்கல் நெருங்குகிறது. எல்லா இடமும் ஒரே அளவில் நெருங்குவதில்லை. பழைய பிளவுகளின் இரு பக்கமும் வேறுபட்டு அமிழும்போது, பிளவு சட்டென வழுக்குகிறது.

எடுப்பதால் மட்டுமன்றி, செலுத்துவதாலும் நிலம் நடுங்கும். அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் எண்ணெயோடு மேலே வந்த உப்பு நீரை ஆழ்கிணறுகள் வழியே திரும்பப் பூமிக்குள் செலுத்தினார்கள். அந்த நீரின் அழுத்தம், இறுகப் பிடித்திருந்த பிளவுகளைத் தளர்த்திவிட்டது. 2009 க்கு முன்னர் ஆண்டுக்கு ஓரிரண்டாக இருந்த 3 அளவுக்கு மேற்பட்ட அதிர்வுகள் 2015 இல் தொள்ளாயிரமாகின. 2016 செப்ரெம்பரில் 5.8 அளவான நிலநடுக்கம் வந்தது. நீர் செலுத்துவதைக் கட்டுப்படுத்தியதும் எண்ணிக்கை குறைந்தது. கைவைத்தவன் கையை எடுத்தால் நிலமும் மெல்ல அடங்கும் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

ஆனால் எல்லா அதிர்வையும் மனிதன் தலையில் கட்டுவதும் தவறு. 2001 செப்ரெம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் வங்கக் கடலில் ஏற்பட்ட, சுமார் 5.5 அளவான நிலநடுக்கம் சென்னையையும் குலுக்கியது. காவிரிப் படுகையில் எண்ணெய்க் கிணறுகள் உண்டு என்பதற்காக அதன் பழியை அவற்றின்மீது போட முடியாது. கண்டத்தட்டின் உள்ளே தேங்கும் இறுக்கமே இத்தகைய அதிர்வுகளுக்குப் போதுமான காரணம். இடம், ஆழம், காலம் ஆகிய மூன்றும் பொருந்தினால்தான் கிணற்றைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாம்.

இது எமக்கு அந்நியக் கதையும் அன்று. மன்னார்ப் படுகையில் 2011 இல் எரிவாயு கண்டறியப்பட்டது. கிணறுகள் ஆழ்கடலில் தோண்டப்பட்டவை. நாளை காரைநகர் ஆடிவிடும் என்று அஞ்சத் தேவையில்லை. நான் கேட்பது வேறு. வாயு எடுக்கும் முன்னரே, அந்தப் பகுதியின் அதிர்வுகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பதிந்து, பதிவுகளை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். முன்னைய கணக்கு இல்லாவிட்டால், பின்னர் வரும் அதிர்வு பழையதா புதியதா என்று எவராலும் சொல்ல முடியாது.

பத்திரிகை மேசையில் கழிந்த ஆண்டுகளில் "ஆதாரம் எதுவும் இல்லை" என்ற அறிக்கையை எத்தனையோ தடவை அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். ஆராய்ந்து பார்த்து ஆதாரம் இல்லை என்பது ஒன்று. ஆராயவே இல்லை, ஆகவே ஆதாரம் இல்லை என்பது முற்றிலும் வேறொன்று. குரோனிங்கன் மக்களுக்குப் பல ஆண்டுகள் கிடைத்தது இரண்டாவது வகைப் பதில். 2023 இல் நெதர்லாந்து நாடாளுமன்ற விசாரணைக் குழு, அம்மக்களின் நலன் தொடர்ந்து புறக்கணிக்கப்பட்டது என்று அறிக்கையிட்டது. அதே ஆண்டு ஒக்ரோபர் 1 ஆம் திகதி உற்பத்தி நிறுத்தப்பட்டது. 2024 இல் சட்டம் இயற்றி வயலையே மூடினார்கள். நிலத்தடியில் வாயு இன்னும் மிச்சம் இருக்கிறது. அதிர்வுகளும் இன்னும் முற்றாக ஓயவில்லை.

இந்தப் பாடம் தீவகத்தாருக்குப் புதியதன்று. சுண்ணாம்புக் கல்லின் மேல், கடல்நீரில் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படையை நம்பி வாழ்ந்தவர்கள் நாம். அளவோடு அள்ளினால் நன்னீர். அளவு மீறி இறைத்தால் கிணற்றில் உவர் ஏறும். ஏறிய உவர் எளிதில் இறங்காது. எங்கள் ஆச்சிமாருக்குத் தெரிந்திருந்த இந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ள ஒல்லாந்தருக்கு அறுபது ஆண்டுகளும் ஒரு இலட்சம் வெடித்த சுவர்களும் தேவைப்பட்டன. மன்னார்க் கடலில் கிணறு தோண்ட வருகிறவர்கள் அந்தச் செலவில்லாமலே கற்றுக்கொள்ளலாம்.