ஏழு இருக்கு, எட்டு எங்கே?

ஆக்ராவுக்கு மாற்றல் வந்தபோது ஊரில் எல்லோரும் கேட்டது தாஜ்மஹாலைப் பற்றித்தான். எனக்கு ஆக்ரா என்றால் மல்புரா பக்கத்து வானம். குளிர்காலக் காலையில் அங்கே வரிசையாகப் பாராசூட்டுகள் இறங்கும். ராணுவத்தினருக்கான பாராசூட் பயிற்சிப் பள்ளி ஆக்ரா விமானப்படைத் தளத்தில்தான் இருக்கிறது. ஐந்து முறை குதித்து முடித்தால்தான் சிறகுச் சின்னம்.

எங்கள் கீழ்வீட்டு அண்ணாச்சி குதித்தவர் இல்லை. குதிப்பவர்களுக்குப் பாராசூட் மடித்துக் கொடுத்தவர். சொந்த ஊர் அம்பாசமுத்திரம். அப்புறம் என்ன, ஞாயிற்றுக்கிழமை ஆனால் நான் அவர் வீட்டில்தான். ஓய்வுக்குப் பிறகும், விளையாட்டாகக் குதிக்கிற தெரிந்தவர்கள் சிலரின் பைகளைப் பரிசோதித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

துணியைத்தான் பார்ப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் முதலில் பார்ப்பது இரும்பை. வளையத்தின் மேல் ஒரு பஞ்சை மெதுவாக இழுப்பார். எங்காவது ஒரு இழை சிக்கினால், கண்ணுக்குத் தெரியாத பிசிறு அங்கே இருக்கிறது. நைலான் பட்டையை அது நாளாக நாளாக அறுக்கும். பிரதான பாராசூட்டைக் கழற்றிவிட தோள்பட்டையில் மூன்று வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும். 1970களில் அமெரிக்காவில் பில் பூத் கண்டுபிடித்த ஏற்பாடு. ஒவ்வொரு வளையமும் பாரத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் ஒரு சின்ன நூல் வளையம் தாங்கும் அளவுக்குக் கொண்டுவந்துவிடும். அதையும் மாதம் ஒருமுறை பிரித்து, பட்டையைக் கையால் வளைத்து நெளித்து, மஞ்சள் கேபிளின் பிசுபிசுப்பைத் துடைக்க வேண்டுமாம். ரிப்கார்டின் பின் லேசாக வளைந்திருந்தால் நிமிர்த்தக் கூடாது, மாற்ற வேண்டும். "நிமுத்துன இடத்துலதான் தம்பி ஒடியும்" என்பார்.

அதே கவனம் கருவிகள் மேலும். துணியைச் செருகித் தள்ளும் தட்டைக் குச்சியின் ஓரத்தை நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, பழைய நைலான் துணியில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். இழுவிசை பார்க்கும் சுருள்வில் தராசைத் தெரிந்த எடையைத் தொங்கவிட்டுச் சரிபார்ப்பார். எங்கள் நகைக்கடன் கவுண்டர் தராசு ஞாபகம் வந்தது.

2019 ஜனவரியில் ஒரு ஞாயிறு. அவசரகாலப் பாராசூட் ஒன்றை மடித்து மூடிவிட்டார். சிவப்பு நூல் கட்டி ஈய முத்திரை வைக்கும் முன் கருவிகளை எண்ணினார். மடிக்கும்போது தற்காலிகமாகச் செருகும் பின்கள் எட்டு இருக்க வேண்டும். ஏழுதான் இருந்தது.

அந்தப் பின்களில் நீளமான சிவப்பு நாடா கட்டியிருக்கும், மறந்தாலும் கண்ணில் படட்டும் என்று. ஒன்றில் மட்டும் நாடா நைந்துபோய், புதிதாகக் கட்ட ஒதுக்கி வைத்திருந்தார். அதைத்தான் காணோம். உள்மடிப்பில் அது மாட்டியிருந்தால், குதிப்பவர் எவ்வளவு இழுத்தாலும் பை திறக்காது.

"சோபாவுக்கு அடியில உருண்டிருக்கும் மாமா" என்றார் மருமகள். அண்ணாச்சி பதில் பேசவில்லை. இரண்டு மணி நேர வேலையை முழுவதுமாகப் பிரித்தார். உள்ளே இல்லை.

பேனா எடுக்கச் சட்டைப்பையில் கைவிட்டேன். பின் அங்கே இருந்தது. பார்க்க எடுத்தவன் பேச்சு சுவாரசியத்தில் பேனா மாதிரி பையில் போட்டிருக்கிறேன்!

கூசிப்போய் நீட்டினேன். அவர் திட்டவில்லை. "சோபாவுக்கு அடியில கிடக்கும்னு நெனச்சு முத்திர வச்சிருந்தா, கணக்கு சரியாத்தான் இருந்திருக்கும். ஆனா எனக்கு ராத்திரி உறக்கம் வராது தம்பி" என்றார். மறுபடி முதலிலிருந்து மடிக்க உட்கார்ந்தார்.

அன்று எனக்குத்தான் உறக்கம் வரவில்லை. முந்தின நாள் சனிக்கிழமை, கிளையில் நகைப் பொட்டலங்கள் சரிபார்ப்பு. கடைசி இழுப்பறையைத் திறக்காமலே, கூட இருந்தவர் "சரியா இருக்கு சார்" என்றதை நம்பி ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

திங்கள் காலை இரண்டு சாவிகளோடும் போய் எண்ணினோம். ஒன்று குறைந்தது. வயிற்றைப் பிசைந்தது. அரை மணி தேடியபின், இழுப்பறைக்கும் பின்சுவருக்கும் நடுவே விழுந்து கிடந்த பொட்டலம் கிடைத்தது. அந்த நகைக்குரிய அம்மா அடுத்த மாதமே மகள் கல்யாணத்துக்கு மீட்க வந்தார். இரண்டு வளையல், ஒரு சங்கிலி. கவுண்டரிலேயே கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்று அது கிடைக்காமல் போயிருந்தால், அவர் முன்னால் என் கையெழுத்தை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்லியிருப்பேன்?

இப்போது போபாலுக்கு வந்துவிட்டேன். அண்ணாச்சியோடு போனில்தான் பேச்சு. வைக்கும் முன் தவறாமல் கேட்பார்: "தம்பி, சட்டப்பைய பாத்தாச்சா?" :-)