படம் கெட்டுவிடும்!

கொல்லிமலைக்குச் சென்றிருந்தோம். கும்பிடச் செல்லவில்லை, அருவியிலே குளித்துப் பாவம் போக்கிக்கொள்ளவும் செல்லவில்லை. காணச் சென்றோம், கண்ட காட்சியைக் கருவியிலே பதித்துவரச் சென்றோம். நண்பர் இருவர் உடன் வந்தனர். தோளிலே பை, பையிலே ஒளிப்படக் கருவி, கையிலே முக்காலி. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைப் பேருந்திலே கடந்து, மலைமீதுள்ள சிற்றூர் ஒன்றிலே இரவு தங்கி, மறுநாள் கோழி கூவுமுன் எழுந்து நடந்தோம்.

வைகாசித் திங்கள். பலா பழுத்து மணக்கும் பருவம். மிளகுக்கொடி தழுவிய மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து சென்றது ஒற்றையடிப் பாதை. கல்லையும் முள்ளையும் ஒதுக்கி அந்தப் பாதையை அமைத்தவர் யார் என்ற எண்ணம் அப்போது நமக்கு எழவில்லை. பாதை இருந்தது, நடந்தோம். அவ்வளவுதான்!

விடியுமுன் ஏன் போக வேண்டும் என்று கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. ஞாயிறு அடிவானத்திலே இருக்கும்போது அதன் ஒளி நெடுந்தொலைவு காற்றைக் கடந்து வருகிறது. வரும் வழியிலே நீல ஒளி சிதறிப்போக, செம்மையும் பொன்மையுமே நம் கண்ணுக்கு எட்டுகின்றன. கதிர் சாய்ந்து விழுவதால் ஒவ்வொரு பாறையும் நீண்ட நிழல் வீசுகிறது. தட்டையான படத்துக்கு அந்த நிழலே மேடும் பள்ளமும் தருகிறது. இரவிலே குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கிலே இறங்கித் தேங்க, அதிலுள்ள நீராவி நுண்துளிகளாகி மூடுபனியாய் நிற்கிறது. வெயில் ஏறினால் பனி கரைந்துவிடும். தேவர்களின் திருவிளையாடல் அல்ல. வெப்பமும் குளிரும் ஆடும் ஆட்டம். அந்த ஆட்டம் சிறிது நேரந்தான் நீடிக்கும். ஆகவேதான் ஒளிப்படக்காரனுக்கு அத்தனை அவசரம்!

இடம் கிடைத்தது. மலை விளிம்பிலே ஒரு பாறை. பாறைக்குக் கீழே நாம் வந்த அதே பாதை. அதற்கப்பால் பள்ளத்தாக்கு நிறையப் பஞ்சுப்பொதி போலப் பனி. பனிக்கு மேலே ஒன்றன்பின் ஒன்றாக மலைமுகடுகள். அண்மையில் உள்ளது கரும்பச்சை, அடுத்தது நீலம், அதற்கும் அடுத்தது வெளிர்சாம்பல். அருகிலுள்ள பாறையும் தொலைவிலுள்ள முகடும் ஒருசேரத் தெளிவாக விழவேண்டுமானால், ஒளி புகும் துளையைச் சுருக்க வேண்டும். சுருக்கினால் ஒளி குறையும். ஒளி குறைந்தால் நேரம் கூடும். நேரம் கூடினால் கை நடுக்கம் படத்தைக் கெடுக்கும். முக்காலியை ஊன்றினோம், கருவியைப் பொருத்தினோம், காத்திருந்தோம். கீழ்வானம் சிவந்தது. இதோ, இதோ என்று உள்ளம் துடித்தது.

அந்த நேரத்திலே பாதையில் ஓர் அம்மையார் வந்தார். வயது ஐம்பதுக்கு மேலிருக்கும். தலையிலே சாக்கு மூட்டை, உள்ளே பலாப்பழம். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. படத்தின் நட்டநடுவிலே அவர் வந்துகொண்டிருந்தார்.

"அம்மா, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள்! படம் கெட்டுவிடும்!"

கூவியவர் நண்பரல்லர். நாமேதான்!

அவர் நின்றார். நம்மைப் பார்த்தார். சினமில்லை அந்தப் பார்வையில். "ஒதுங்கிக்கிறேன் தம்பி. சீக்கிரம் எடுத்துக்கங்க, முதல் பஸ்ஸைப் புடிக்கணும்" என்றார். பாதையை விட்டிறங்கி, முள்ளுக்கும் பாறைக்குமிடையே, சுமையை இறக்காமலே நின்றார். இறக்கினால் தூக்கிவிட ஆளில்லை. நாம் மூவர் இருந்தோம், ஆயினும் ஆளில்லை!

ஒரு படம் எடுத்தோம். இன்னொன்று எடுத்தோம். கதிர் இன்னும் சற்று ஏறட்டும் என்று காத்து மூன்றாவதும் எடுத்தோம். திரும்பிப் பார்த்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

வெயில் ஏறியபின் இறங்கி வந்தோம். பேருந்து நிற்குமிடத்திலே, சாக்கு மூட்டையருகே அந்த அம்மையார் அமர்ந்திருந்தார். முதல் வண்டி போய்விட்டது. சோளக்காட்டுச் சந்தைக்குப் பிந்திப் போனால் பழத்துக்கு முந்தைய விலை கிடைக்காதென்று பக்கத்திலிருந்தவர் கூறினார். அம்மையாரோ நம்மைக் கண்டதும், "படம் நல்லா வந்துச்சா தம்பி?" என்று கேட்டார்.

நன்றாக வந்தது. மிக நன்றாகவே வந்தது. பார்த்தவரெல்லாம் பாராட்டினர். "மனிதன் காலடி படாத மலை!" என்று மெச்சினார் ஒருவர். அந்தப் பாராட்டுத்தான் நம்மைச் சுட்டது. காலடி படாத மலையா? காலடியால் ஆன பாதை படத்தின் நடுவிலே கிடக்கிறது. காலடிக்குரியவரைத்தான் நாம் விரட்டிவிட்டோம்!

ஒளிப்படக் கலையின் வரலாற்றை எண்ணிப் பார்த்தோம். 1838-இல் பாரிஸ் நகரத் தெரு ஒன்றை டாகெர் படம் பிடித்தார். வண்டியும் மக்களும் நிறைந்த தெரு. படத்திலோ வெறிச்சோடிக் கிடக்கிறது. உருவம் பதியப் பல நிமிடங்கள் பிடித்த காலம் அது. நடந்தவர் எவரும் பதியவில்லை. காலணியைத் துடைக்கக் கொடுத்து அசையாது நின்ற ஒருவர் மட்டும் பதிந்தார். குனிந்து துடைத்துக்கொண்டிருந்த உழைப்பாளியோ மங்கிய நிழலாய்த்தான் தெரிகிறார். நின்றவர் நிலைத்தார்; உழைத்தவர் மங்கினார்!

1863-இல் இந்தியா வந்த சாமுவேல் போர்ன் என்ற ஆங்கிலேயர் இமயத்தைப் படம் பிடித்துப் புகழ் பெற்றார். 1866-இல் 18,000 அடிக்கு மேலுள்ள மணிரங் கணவாயிலும் படம் எடுத்தார். கண்ணாடித் தகட்டிலே மருந்து பூசி, ஈரம் உலருமுன் படமெடுத்துக் கழுவியாக வேண்டிய காலம். இருட்டுக் கூடாரம், கண்ணாடித் தகடுகள், மருந்துப் புட்டிகள் அத்தனையும் மலையேறியது எவர் முதுகிலே? பெயர் தெரியாத கூலிகளின் முதுகிலே! நடக்க மறுத்தவரைத் தடியால் அடித்ததை அவரே எழுதி வைத்திருக்கிறார். படங்களோ அமைதியின் வடிவங்கள். பனி, பாறை, வானம். அடி விழுந்த முதுகு அவற்றில் இல்லை.

டாகெரின் கருவிக்கு நடப்பவனைக் காணும் ஆற்றல் இல்லை. நம் கருவிக்கு நொடியின் நூற்றிலொரு பங்கு போதும். குறை கருவியிலா? கண்ணிலா? கண்ணுக்குப் பின்னேயுள்ள கருத்திலா?

"ஒதுங்கி நில்!" எத்தனை பழைய சொல் இது! வைக்கத்துத் தெருக்களிலே நடக்கும் உரிமைக்காக 1924-இல் கிளர்ச்சி நடந்ததும், பெரியார் சிறை புகுந்ததும், இந்தச் சொல்லை எதிர்த்துத்தானே! மேடையிலே அதை ஆயிரம் முறை கண்டித்தவர் நாம். மலையிலே, காண்பார் எவருமில்லாத விடியற்காலையிலே, ஓர் அழகுக்காக அதே சொல்லை நம் நாக்கு தயங்காமல் உச்சரித்தது. புனிதம் கெடும் என்றனர் அவர்கள். படம் கெடும் என்றோம் நாம். "நில்லுங்கள்" என்று மரியாதை சேர்த்துக்கொண்டோம்; வேறென்ன வேறுபாடு?

கொல்லிமலையிலே ஒரு பாவை உண்டென்றும், அது சிரித்து மயக்கிக் கொல்லுமென்றும் கதை கூறுவர். பாவையும் இல்லை, பேயும் இல்லை. ஆனால், அழகு காட்டி மயக்கி, அங்கே வாழ்பவரை இல்லாதவராக்கிவிடும் படம் ஒன்று உண்டு. அதை எடுத்தவர் நாம்!

நகைப்புக்குரிய செய்தி இன்னொன்று. மலையின் உயரம் படத்திலே புலப்பட வேண்டுமானால் ஓர் ஆளுருவம் வேண்டும் என்பது இக்கலையின் பாலபாடம். அந்த அம்மையார் நின்றிருந்தால் படம் கெட்டிராது, உயர்ந்திருக்கும். ஆயினும் அளவுகோலாக அவரை நிறுத்துவதும் முறையன்று. மூட்டையை இறக்க ஒரு கை கொடுத்து, பெயரைக் கேட்டு, எடுக்கலாமா என இசைவு பெற்று, வேண்டாமென்றால் கருவியை மூடியிருக்க வேண்டும். அவருடைய பெயரை நாம் கேட்கவே இல்லை!

இளைஞர்களே! இன்று உங்கள் ஒவ்வொருவர் கையிலும் செல்பேசி, செல்பேசிதோறும் கருவி. மலையேறுங்கள். ஒளியை அறியுங்கள்; நிழலை அறியுங்கள்; பனிக்குக் காரணம் பகுத்தறியுங்கள். அழகைத் துய்ப்பது குற்றமன்று. ஆனால், பாதையிலே ஒருவர் சுமையோடு வந்தால், ஒதுங்க வேண்டியவர் நீங்கள்.

அந்தப் படம் நம் அறையிலே மாட்டப்பட்டிருக்கிறது. அழகுக்காக அல்ல. பாதையின் ஓரத்திலே, சட்டத்துக்குச் சற்று வெளியே, தலையிலே சுமையோடு ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார் என்பதை நாள்தோறும் நமக்கு நினைவூட்டுவதற்காக.