சிவகாமி ஏன் வரவில்லை?

நாவல் வாசிப்பதால் இல்லறத்தாருக்கு யாதேனும் நன்மை உண்டா என்று ஐயுறுவோர் நம் குடும்பங்களில் இன்றும் உளர். பொழுதுபோக்கு என்பார் சிலர். பொய்க்கதை என்பார் வேறு சிலர். அந்த வழக்கைத் தீர்த்துவைக்க நான் முன்வரவில்லை. காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில், தறி ஓடும் ஒரு வீட்டின் திண்ணையில், மாதம் ஒரு ஞாயிறு மாலை கூடும் சிறு வாசிப்புக் கூட்டத்தில் கண்டதையும் கேட்டதையும் சொல்லவே விழைகிறேன்.

பட்டு நெய்வோர் நால்வர், சாயப்பட்டறையில் நாற்பது ஆண்டு உழைத்து ஓய்ந்த முதியவர் ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியை, செவிலியர் ஒருவர், ஒரகடத்துத் தொழிற்சாலைக்கு நாள்தோறும் பேருந்தில் போய்வரும் இளைஞர் இருவர், இன்னும் இரண்டொருவர். கிறிஸ்தவர்கள் என்னையும் சேர்த்து மூவர்தாம். இவ்வாண்டு நாங்கள் எடுத்துக்கொண்ட நூல் கல்கியின் 'சிவகாமியின் சபதம்'. 1944 முதல் 1946 வரை 'கல்கி' வார இதழில் தொடராக வெளிவந்து, நான்கு பாகங்களாக நூலுருப் பெற்ற அந்தக் கதை எங்கள் ஊர்ப்பக்கத்துக் கதை என்பதில் அங்குள்ளோர்க்குப் பெருமிதம் உண்டு.

பெருமிதத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சாளுக்கியப் புலிகேசி பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள் அடைபடச் செய்தான் என்று 634ஆம் ஆண்டின் ஐகொளெக் கல்வெட்டு பேசுகிறது. புள்ளலூரில் பகைவரை வென்றவன் மகேந்திரவர்மன் என்று பல்லவர் செப்பேடு பேசுகிறது. மணிமங்கலம் முதலிய போர்களில் புலிகேசியைப் புறங்காட்டி ஓடச் செய்து, வாதாபியையும் அழித்தவன் நரசிம்மவர்மன் என்கிறது கூரம் செப்பேடு. புள்ளலூரும் கூரமும் காஞ்சியைச் சூழ்ந்த சிற்றூர்களே. வாதாபி வீழ்ந்தது ஏறத்தாழ 642இல். ஆக, யார் எதைச் செய்தார் என்பதைச் செப்பேடு சொல்லிவிடுகிறது. எந்த மனத்தோடு செய்தார் என்பதை அது சொல்வதில்லை. அந்த வெற்றிடத்தில்தான் கல்கி ஒரு சிற்பியின் மகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். சிவகாமி வரலாற்றில் இல்லாதவள். ஆயினும் வாதாபி ஏன் எரிந்தது என்று தமிழரைக் கேட்டால் பாதிப்பேர் அவள் பெயரைத்தான் சொல்வர்!

படியாதவர்களுக்காகச் சுருங்கச் சொல்கிறேன். ஆயனச் சிற்பியின் மகள் சிவகாமி, ஆடற்கலையில் வல்லவள். மாமல்லன் என்னும் இளவரசன் நரசிம்மவர்மனின் காதலுக்கு உரியவள். காஞ்சியை விட்டுத் திரும்பும் சாளுக்கியர் அவளைச் சிறைப்பிடித்து வாதாபிக்குக் கொண்டுசெல்கின்றனர். அங்கே பல்லவ நாட்டுக் கைதிகளைச் சவுக்கடியிலிருந்து காப்பதற்காக அவள் நாற்சந்தியில் ஆட நேர்கிறது. இந்நகரம் எரிவதைக் கண்ணாரக் கண்டபின்னரே இங்கிருந்து அடியெடுத்து வைப்பேன் எனச் சபதம் செய்கிறாள். மாமல்லன் மாறுவேடத்தில் உயிரைப் பணயம் வைத்து அவளை மீட்க வருகிறான். அவள் வர மறுக்கிறாள்.

ஏன் மறுத்தாள்? இந்த ஒரு கேள்விக்கு நாங்கள் மூன்று ஞாயிறுகளைச் செலவிட்டோம்.

முதல் ஞாயிறு வீணாயிற்று என்றே சொல்வேன். பேசியவர் எல்லாரும் தீர்ப்பு வழங்கினரேயன்றிக் காரணம் தேடினாரில்லை. "திமிர் பிடித்தவள்" என்றார் ஒருவர். "மானமுள்ளவள்" என்றார் மற்றொருவர். இரண்டும் ஒரே பொருளை இரண்டு விலைக்கு விற்பதுதானே! தமிழாசிரியை அன்று ஒரு விதி வகுத்தார்: சரியா தவறா என்று யாரும் சொல்லலாகாது, ஏன் என்று மட்டுமே சொல்லலாம், சொல்வதற்கு நூலிலிருந்து இடம் காட்ட வேண்டும். நீதிமன்றம் போலிருந்த திண்ணை அதன்பின் சற்றே அமைதியுற்றது.

அந்த அமைதியில் முதலில் வாய் திறந்தவர் சாயப்பட்டறை முதியவர். சிவகாமியை விட்டுவிட்டு அவளுடைய தந்தையைப் பிடித்துக்கொண்டார். ஆயனருக்கு ஓர் ஏக்கம் உண்டு. அஜந்தா ஓவியங்களின் வண்ணம் பல நூறு ஆண்டுகள் அழியாதிருக்கும் மருமத்தை அறிந்துவிட வேண்டும் என்பது. அதற்காகவே நாகநந்தி என்னும் பிக்ஷுவை நம்பி, பரஞ்சோதி என்னும் இளைஞனிடம் ஓலை கொடுத்து அனுப்புகிறார். அந்த ஓலையோ உண்மையில் புலிகேசிக்குப் போகும் ஓலை. மகள் சிறைப்பட்ட பின்னரும் அந்த வண்ணப் பித்து அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. இளைஞர்கள் இதைப் படித்துச் சிரித்திருக்கிறார்கள். முதியவர் சிரிக்கவில்லை. "சாமி, ஓடாத சிவப்பு ஒன்றுக்காக நான் வருஷக்கணக்கில் அடுப்படியில் நின்றிருக்கிறேன். வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்தபோது, இந்த ஒரு தோய்ப்பு முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன். குழந்தை மேல் அன்பு இல்லாமல் இல்லை. கை சாயத்தில் இருந்தது, அவ்வளவுதான்" என்றார். ஆயனரைப் பற்றி நான் படித்த எந்தத் திறனாய்விலும் இவ்வளவு தெளிவு கண்டதில்லை.

நெசவாளர் ஒருவர் அதைத் தொடர்ந்தார். மயில் கழுத்து நிறத்துச் சேலையை வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். நீலமும் பச்சையுமாக நெய்வார்கள். ஒரு புறம் சாய்த்தால் நீலம், மறு புறம் சாய்த்தால் பச்சை. "இது நீலமா பச்சையா என்று கடையில் கேட்பார்கள். இரண்டு இழையும் ஒவ்வொரு இடத்திலும் இருக்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். சிவகாமிக்குக் கோபமா காதலா என்று கேட்பதும் அப்படித்தான்" என்றார் அவர். குருமடத்தில் எங்களுக்கு அறநெறி இயல் கற்பித்தபோது, ஒரு செயலை எடைபோட அச்செயல், அதன் நோக்கம், அதன் சூழ்நிலை ஆகிய மூன்றையும் நோக்குக என்றனர். நன்று. ஆனால் நோக்கம் என்னும் சொல்லை ஒருமையிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டனர்!

இரண்டாம் ஞாயிறு இறுதியில் அதுவரை பேசாதிருந்த ஓர் அம்மையார் பேசினார். ஊரும் பேரும் வேண்டாம், செய்தியை எழுதலாம் என்று அவரே இசைந்தமையால் எழுதுகிறேன். "அவனை நம்பாதவளாக இருந்தால் கூப்பிட்டவுடன் எழுந்து போயிருப்பாள். எப்படியும் செய்துவிடுவான் என்று நம்பியதால்தான் போகவில்லை" என்றார். இடம் காட்டுமாறு ஆசிரியை கேட்டார். அம்மையார் நூலைத் திறக்கவில்லை.

"நான் வீட்டைவிட்டு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. மாமியார் நாலு பேர் முன்னால் என்னைச் சொன்ன சொல்லை, அதே நாலு பேர் முன்னால் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், அப்புறம்தான் வருவேன் என்றேன். அவர் இரண்டு தரம் வந்து கூப்பிட்டார். என் மேல் ஆசை இருந்தால் அதை நடத்திவிட்டு வரட்டும் என்று இருந்தேன். முதல் வருஷம் கோபம் இருந்தது. பிறகு கோபம்கூட இல்லை. போன வருஷங்கள்தான் இருந்தது. இப்போது எழுந்து போனால் அந்த வருஷங்களெல்லாம் எதற்கு என்று ஆகிவிடுமே! சொல்லைத் திரும்ப எடுக்க வேண்டியவர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. இனி யார் வந்து எடுப்பது?"

உள்ளே தறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஆறுதல் மொழி சொல்லும் இடம் அதுவன்று என்று எனக்குப் பட்டது, வாளாவிருந்தேன். செவிலியர்தாம் மெல்லக் கேட்டார்: "அப்படியானால் சிவகாமியை முதல் வருஷம் அங்கே நிறுத்தியது வேறு, ஒன்பதாம் வருஷம் நிறுத்தியது வேறா?" அம்மையார் தலையசைத்தார். கேள்வியே அதன்பின் மாறிப்போயிற்று. ஏன் சபதம் செய்தாள் என்பதை விட்டு, ஏன் அதை வைத்துக்கொண்டிருந்தாள் என்று நூலைப் புரட்டலானோம்.

நம் திருநூல் வாசகர்க்கு இது புதிதன்று. ஏரோது ஆடற்பெண்ணிடம் ஆணையிட்டுவிட்டு, அவள் திருமுழுக்கு யோவானின் தலையைக் கேட்டபோது வருந்தினான் என்றும், ஆணையையும் உடனிருந்த விருந்தினரையும் முன்னிட்டே மறுக்காதிருந்தான் என்றும் மாற்கு எழுதுகிறார். வெறுப்பினால் அன்று, பந்தியில் அமர்ந்திருந்தோர் பார்த்துக்கொண்டிருந்ததால்! 'உன் வாசற்படி மிதியேன்', 'உன் வீட்டுத் தண்ணீர் குடியேன்' என்று உடன்பிறந்தார் சொல்லிக்கொண்ட சொற்கள், சண்டைக்குக் காரணமான வரப்பும் பாத்திரமும் மறந்துபோன பின்னரும் நிற்பதை எத்தனை ஊர்களில் கண்டிருக்கிறேன்! அச்சொல் எவர் முன்னிலையில் சொல்லப்பட்டது என்று விசாரித்தால் பாதி விளங்கிவிடும். சிவகாமியின் சபதமும் தனியறையில் முணுமுணுத்ததன்று.

கல்கி மீது எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நாகநந்தியின் உள்ளத்தை அவர் அங்குலம் அங்குலமாகத் திறந்து காட்டுகிறார். மூன்றாம் பாகத்துக்கே 'பிக்ஷுவின் காதல்' என்று பெயரிட்டுவிட்டார். மாமல்லன் உள்ளத்தையோ வேண்டிய இடத்தில் சாத்திவிடுகிறார். நான்காம் பாகம் தொடங்கும்போது ஒன்பது ஆண்டுகள் உருண்டுவிட்டன. மாமல்லன் பாண்டியன் மகளை மணந்து குழந்தைகளுக்கும் தந்தையாகிவிட்டான். தந்தையின் விருப்பம், நாட்டின் தேவை என்று காரணங்கள் காட்டப்படுகின்றன. அவை மெய்யே. ஆனால் இசைந்த அந்த இரவில் அவன் நெஞ்சில் என்ன இருந்தது? 'சிதைந்த கனவு' என்னும் தலைப்பு அதற்கு விடையாகாது.

மூன்றாம் ஞாயிறு முடிவைப் படித்தோம். வாதாபி எரிகிறது, சிவகாமி காஞ்சிக்கு மீள்கிறாள், மீண்ட பிறகே எல்லாம் அறிகிறாள். ஏகாம்பரநாதர் சந்நிதியில் இறைவனையே நாயகனாகக் கொண்டு ஆடுகிறாள். மாமல்லன் நின்று பார்த்துவிட்டு, எவரும் அறியாமல் வெளியேறுகிறான். அந்த ஆடலைப் பக்தி என்றனர் சிலர். தோல்வி என்றான் ஒரகடத்து இளைஞன். மயில் கழுத்துச் சேலையை மறுபடியும் விரிக்க வேண்டியதாயிற்று.

வரும் கூட்டத்துக்கு மாமல்லனை எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஆடவர்கள்தாம் முதலில் பேச வேண்டும் என்பது ஆசிரியையின் கட்டளை. கேள்விகளை முன்னதாகத் தாளில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். இதுவரை வந்திருப்பது ஒன்றே; அந்த அம்மையார் எழுதியது: "மணம் முடித்துக்கொண்டதை அவன் ஏன் அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்பவில்லை?"